மூன்று அங்குலம் உயர்ந்த பிக்கப்

வாகனத்தைத் தரையிலிருந்து மூன்று அங்குலம் உயர்த்துவதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள், ஜனவரிக் குளிரில் ஒருமுறை பிக்கப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் இந்த வேலையைச் செய்து முதுகு போன அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் பக்கம் சட்டனில் நான் ஒரு டயர் கடையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் பட்ட பாட்டில் கொஞ்சத்தை இங்கே சொல்கிறேன்.

தபால் வராத நாள்

ஏன் ஞாயிறு என்றால், அன்று தபால்காரர் வரமாட்டார். மற்ற ஆறு நாளும் என் காது கதவிலேயே கிடக்கும். மனைவி சாந்தி கொழும்பில் ஒரு வாடகை அறையில் விசாவுக்காகக் காத்திருந்தாள். கல்யாணமாகிப் பதினொரு மாதத்தில் நான் புறப்பட்டு வந்தவன். ஆறு வருடம் ஓடிவிட்டது. சில நாட்களில் அவள் முகம் சரியாக நினைவுக்கு வராது. அந்தப் பயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ஒரு பழைய ஜப்பான் பிக்கப்பை வாங்கி உயர்த்தத் தொடங்கினேன். பனிக்காலத்தில் வீதியில் கொட்டுகிற உப்பு, அடியிலிருந்த போல்ட்டுகளையெல்லாம் துருப்பிடிக்க வைத்திருந்தது. ஒரு போல்ட்டுக்கு ஒரு ஞாயிறு போனது. பின்பக்கம் ஒருவழியாக உயர்ந்ததும் பெருமையாகச் சாந்திக்கு எழுதினேன். அவளுடைய பதில் ஒரு மாதம் கழித்து வந்தது: "அங்கை ரோட்டெல்லாம் கண்ணாடி மாதிரி எண்டு எழுதினீங்கள். பிறகேன் வாகனத்தை உயர்த்துறீங்கள்?"

டாக்டரின் பரிசோதனை

என் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த தமிழ்நாட்டு டாக்டர் ஒருவர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து விட்டார். ஊசி போடுகிற கையால் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்கு முதல் நாள் சாந்தியின் கடிதம் வந்திருந்தது. விசா நேர்முகம் முடிந்துவிட்டதாம், இன்னும் பொறுத்திருக்கச் சொன்னார்களாம். எத்தனை நாள் என்று எழுதவில்லை. கடிதத்தை வேலை உடுப்பின் பையில் வைத்துக்கொண்டுதான் டாக்டரின் வண்டிக்கு அடியில் புகுந்தேன். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டைகளை வைத்து முறுக்கினேன். வண்டி உயர்ந்தால் பிரேக் குழாய் எட்டாது, நீளமான குழாய் மாற்ற வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மறந்தே போனேன். பழைய குழாய் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றதை என் பக்கத்தில் குந்தியிருந்த டாக்டர்தான் கண்டுபிடித்தார். குழாயைப் பார்த்தார், என் பையில் துருத்திக்கொண்டிருந்த கடிதத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த ஸ்பானரை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். "வண்டி இங்கயே நிக்கட்டும், அடுத்த வாரம் பாத்துக்கலாம். நீங்க போய் அந்த லெட்டரை இன்னொரு வாட்டி படிங்க."

சவுத்தாலில் எனக்குக் கிடைத்த வரவேற்பு

என் வண்டியின் முன்பக்கமும் உயர்ந்து, டயர் கடையில் வாங்கிய பெரிய டயர்களும் ஏறிய பிறகு, என்னோடு ஒரே வீட்டில் இருந்த தவம் அண்ணையை ஏற்றிக்கொண்டு சாமான் வாங்கச் சவுத்தாலுக்குப் போனேன். நாலு மணிக்கே இருட்டுகிற டிசம்பர். எதிரே வந்த கார்க்காரர்கள் எல்லாரும் எனக்கு விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். இந்த ஊரில் இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னை இப்படி விசாரித்ததில்லை. பெரிய வண்டி வைத்திருப்பவனுக்குத் தனி மரியாதை போலும் என்று நானும் மனம் குளிர்ந்து ஒவ்வொருவருக்கும் கை காட்டினேன்.

வண்டியின் மூக்கு நிமிர்ந்தால் முன்விளக்கும் நிமிரும், அதைத் திருகிப் பணிய வைக்க வேண்டும் என்பது அந்தக் குளிர்ந்த மனதுக்கு உறைக்கவில்லை. தவம் அண்ணை கடைசிவரை பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன்னைக் கண்டு சந்தோசப்பட இந்த நாட்டில ஒருத்தரும் இல்லையடா தம்பி. அந்த ஆள் இன்னும் கொழும்பிலதான் இருக்கு. லைற்றை இறக்கு."

நான் சோதிக்காமல் விட்டது

மாசியில் விசா கிடைத்தது. ஹீத்ரோ விமான நிலையத்தில் சாந்தி வெளியே வந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். பட்டுச்சேலைக்கு மேலே யாரோ கொடுத்த கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். எங்கள் ஆட்களுக்கு நாலு பேர் பார்க்கக் கட்டிப்பிடிக்கிற பழக்கம் கிடையாது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சோடி கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நிற்க, நான் "பயணம் எப்பிடி?" என்றேன். அவள் "பரவாயில்லை" என்றாள். ஆறு வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சு அவ்வளவுதான். தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டு நான் முன்னே நடந்தேன். அவள் பின்னால் வந்தாள். யாரோ ஒருவருடைய உறவுக்காரியைக் கூட்டிப்போவது போல இருந்தது.

அதுவரை என் பிக்கப்பில் ஏறியவர்கள் எல்லாரும் காற்சட்டை போட்டவர்கள். சாந்தி காலைத் தூக்கினாள். சேலை விடவில்லை. மறுபடியும் தூக்கினாள். முடியவில்லை. சூட்கேசை வைத்து அதன்மேல் ஏற்றலாம் என்று பார்த்தால், உள்ளே ஊறுகாய்ப் போத்தல் இருக்கிறது என்றாள். பின்னால் ஒரு கார் வழிக்காகக் காத்து நின்றது. வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் அவளைப் பிடித்துத் தூக்கினேன். பாரமே இல்லை. இருக்கையில் வைத்த பிறகும் கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, அவளும் எடுக்கச் சொல்லவில்லை. பின்னால் நின்ற கார்க்காரர் ஹார்ன் அடித்தார். சாந்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்க்காமல் நேரே பார்த்தபடி சொன்னாள்: "இறங்கேக்கையும் நீங்கள்தான் இறக்கிவிடவேணும்."

அதன் பிறகு எத்தனையோ பேருடைய பிக்கப்புக்கு ஏறுவதற்குப் படி பூட்டிக் கொடுத்துவிட்டேன், எங்களுடைய வண்டிக்குப் பூட்டத்தான் எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.