முதலாளி ஊரில் இல்லை

நன்கொடை வசூல் என்பது, தெருமுனையில் உங்கள் தலை தெரிந்ததுமே ஊரிலுள்ள அத்தனை முதலாளிகளும் வெளியூர் போய்விடுகிற தொழில். ரசீதுப் புத்தகமும் கைப்பையுமாக வெயிலில் அலைந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துவிட்டு, இண்டர்வியூ கார்டு வரும்வரை விழுப்புரத்து வீட்டில் சும்மா இருப்பானேன் என்று இதில் இறங்கினேன். திண்டிவனத்தில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. விடுதிக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. பிள்ளைகள் வகுப்பு வராந்தாவில்தான் படுத்தார்கள். சாரல் அடித்தால் பாயைச் சுருட்டி அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றுகொண்டே தூங்குவார்கள். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டேன். பள்ளியை நடத்திய ரோசலின் டீச்சர், ஐப்பசி மழைக்கு முன்னால் எப்படியாவது தகரக் கூரை போட்டுவிட வேண்டும் என்றார். எப்படியாவது என்பதில் கடைகடையாக நடக்கிற வேலை மட்டும் என்னுடையது.

ஜவுளிக்கடையில் ஒரு தவம்

விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடை. கல்லாவில் தங்கச் சங்கிலியும் வெற்றிலைச் சிவப்புமாக ஒருவர். நான் வாயைத் திறப்பதற்குள், "முதலாளி ஊர்ல இல்லம்மா, மெட்ராஸ் போயிக்கிறாரு" என்றார். யார் முதலாளி என்பது மின்விசிறிக்குக்கூடத் தெரியும். அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேராகத்தான் அது சுற்றிக்கொண்டிருந்தது. "பரவாயில்லீங்க, வர்ற வரைக்கும் இருக்கேன்" என்று மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். புடவை எடுக்க வந்த ஓர் அம்மாள், "இன்னா முதலாளி, போன வாட்டி எடுத்தது சாயம் போயிடுச்சே" என்று சண்டைக்கு வந்தாள். மனிதர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பதில் சொன்னால் முதலாளி ஆகிவிடுவார், சொல்லாவிட்டால் வியாபாரம் போய்விடும்.

நான் கன்னத்தில் கை வைத்து ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கல்லாவைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை என் பக்கம் தள்ளி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முதலாளி வந்தா நான் குடுத்தேன்னு சொல்லிடாதம்மா."

போணி

புதிதாக இறங்கியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். காலையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்பது. வளவனூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோர்காரர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். "இன்னும் போணியே ஆவல, அதுக்குள்ள கை நீட்டிக்கினு வந்துட்டியா!" முதல் வியாபாரம் நடக்குமுன் காசு வெளியே போகக் கூடாது என்பது கடைத்தெருவின் சட்டம். சரி, அந்தப் போணியை நானே செய்துவிட்டால்? என் சொந்தக் காசில் ஓர் அட்டை ஊக்கு வாங்கினேன். அவர் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். வேறு வழியில்லாமல் நன்கொடையும் தந்தார்.

அன்றைக்கு அவர் கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனதாம். முகூர்த்த நாள், போகாமல் என்ன செய்யும்? ஆனால் எனக்குக் கைராசி என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அடுத்த முறை பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பாத்திரக்கடைக்காரர் ஒரு பக்கம், வளையல் கடைக்காரர் ஒரு பக்கம் கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில் ஊக்கும் கரண்டியும் குவிந்தன. நான் மளிகைக்கடையில் முதலில் நுழைந்துவிட்டேன் என்று ஃபேன்சி ஸ்டோர்காரருக்கு ஒரே கோபம். "இதோ பாரும்மா, இனிமே என் கடைக்கு மொதல்ல வர்லன்னா நன்கொடையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

ஒரு வஞ்சிரம்

பொம்மையார்பாளையத்தில் கடற்கரை ஓரமாக வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். "காசு ஏது எங்கிட்ட?" என்றாள். எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம். ஓலையில் சுற்றி என் கையில் திணித்தாள். ரசீதில் என்ன எழுதுவது என்று யோசித்து, "மீன் ஒன்று, நன்றியுடன்" என்று எழுதிக் கொடுத்தேன்.

பாண்டிக்குப் போய்த் திண்டிவனம் பஸ் ஏறினேன். கிளியனூர் வருவதற்குள் என் இரண்டு பக்கமும் சீட் காலி. கூட்டம் மொத்தமும் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார். பிள்ளைகளுக்கு என்றதும் கொஞ்சம் தணிந்தார். "லக்கேஜ் போடல, அது என் நன்கொடைன்னு வச்சிக்கோ. ஆனா எறங்குற வரைக்கும் படிக்கட்டாண்ட நில்லும்மா, புண்ணியமாப் போவும்."

நல்ல நேரம்

புரட்டாசி முடியப் போகிறது. பாதிக் கூரைக்குத்தான் தகரம் சேர்ந்திருந்தது. மீதிப் பாதியைத் தரக்கூடியவர் திண்டிவனத்தில் ஒருவர்தான், வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, மண்டி வைத்திருந்த கோதண்டபாணி. அவரிடம் செவ்வாய்க்கிழமை போனேன். செவ்வாயில் காசு வெளியே போகாது. வெள்ளியும் போகாது. திங்கள் காலை ராகு காலம், சனிக்கிழமை எமகண்டம், வியாழன் மாலை விளக்கு வைத்தாகிவிட்டது. வானம் கறுக்கக் கறுக்க அந்த வராந்தாவும் பாய்களும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

வீட்டுக் காலண்டரைக் கிழித்து எடுத்துக்கொண்டு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய், இரண்டு ரூபாய்க்கு மல்லாட்டை வாங்கிப் போணியும் செய்துவிட்டு, காலண்டர் தாளை அவர் முன்னால் விரித்தேன். "இப்ப நல்ல நேரங்க. பன்னெண்டு வரைக்கும் எந்தத் தோஷமும் இல்ல." அவர் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தொப்பை குலுங்கச் சிரித்தார். தகரம் தருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அவர் மேடையேறினால் கல்யாண வீட்டில்கூடக் கூட்டம் பந்திக்கு ஓடிவிடும் என்பது திண்டிவனம் முழுக்கத் தெரிந்த விஷயம். "தெறப்பு விழாவுல நான்தான் தலைமை. ஒரு மணி நேரம் பேசுவேன். நடுவுல ஒருத்தன் எழுந்திரிக்கக் கூடாது."

தலைமையுரை

விழா அன்று அவர் எழுந்து மைக்கைப் பிடித்ததும் மழையும் பிடித்துக்கொண்டது. புதுத் தகரத்தில் அந்த ஐப்பசி மழை போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர் தும்மியதுகூடக் கேட்கவில்லை. மைக் செட்டும் படுத்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், நெளிந்தார்கள், ஒவ்வொருவராகப் பின்பக்கம் நழுவினார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் அசையவில்லை. அவருடைய உதட்டையும் மீசையையும் விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே கையால் தங்களுக்குள் சௌகரியமாகப் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அன்றைக்கு அங்கே உரையாட முடிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். இப்படியொரு சபை வாழ்நாளில் அமையாத கோதண்டபாணி அவர்களைப் பார்த்தே முழு ஒரு மணி நேரமும் பேசி முடித்தார்.

இறங்கியதும் முன்வரிசையில் இருந்த வள்ளி என்ற சிறுமியிடம் குனிந்து, பேச்சு எப்படி என்று கையால் கேட்டார். அவள் கூரையைக் காட்டினாள், தன் மடியிலிருந்த பாயைத் தடவிக் காட்டினாள், விரல்களை வேகவேகமாக ஆட்டினாள். ரோசலின் டீச்சர் அவர் காதோடு வாய் வைத்துக் கத்தினார்: "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் பாயில ஒரு சொட்டுகூட விழலியாம்!"

மறுவாரம் இண்டர்வியூ கார்டோடு வந்த புதுத் தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அடுத்த வசூலுக்கு ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பி வாசலில் நின்றுகொண்டிருந்த நானே, விழுப்புரத்து ஜவுளிக்கடைக்காரர் கற்றுக்கொடுத்த முகத்தோடு, "அந்தப் பொண்ணு ஊர்ல இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.