இந்த வீட்டில் இல்லாத இசைத்தட்டு

எங்கள் வீட்டு இசைத்தட்டுப் பெட்டியில் ஒரே தட்டு இரண்டு இருக்கிறது. இரண்டின் உறையிலும் கைகூப்பி நிற்கும் வியாகுல மாதாவின் அதே படம். ஒன்றின் மூலையில் மட்டும் மெழுகு சொட்டி, காய்ந்து, பழுப்பேறிப் போயிருக்கிறது. பழைய தட்டுகளில் ஆசையுள்ள யாராவது வந்து பெட்டியைக் கிளறினால், "ரெண்டு என்னத்துக்கு? ஒண்டை எனக்குத் தாங்கோவன்" என்று கேட்காமல் போவதில்லை. நான் தருவதில்லை. ஏன் என்று சொல்வதும் இல்லை. சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணீர் ஆறிவிடும்.

சென்ற வருடம் என் மகனுக்குப் பேசிய பெண் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். "மாமி, உங்கடை வீட்டுக்கு மருமகளாய் வாறவை ஒரு ரெக்கோட் கொண்டு வரவேணுமாம், அவர் சொன்னவர். எதைக் கொண்டு வாறது? இன்ரநெற்றிலை பார்த்தனான். கட்டாயம் வீட்டிலை இருக்கவேண்டிய ரெக்கோட் எண்டு நூறு போட்டிருக்கு." நூறு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வழக்கத்தைத் தொடக்கிவைத்த என் மாமிக்கு ஒரு சின்னப் பெட்டி கொள்ளும் அளவே போதுமாக இருந்தது. அதற்கு மேல் வைத்திருப்பவர்களை அவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார். "சட்டி கூடினால் கறி ருசிக்குமோ?" என்பார்.

மாமி இசைத்தட்டுகளைப் பாடகர் பெயரால் அறிந்தவரல்லர். அவருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வேலை இருந்தது. விருந்தாளி வந்தால் போட ஒன்று. வந்தவர் எழும்பிப் போகாவிட்டால் போட இன்னொன்று. அது ஒரே வயலின், அரைமணி நேரம் இழுக்கும், சுவாமியாரே அதற்கு எழும்பிப் போயிருக்கிறார். மீன் வெட்டும்போது போடும் தட்டில் தாளம் கொஞ்சம் வேகமாக இருக்கவேண்டும். வீட்டில் சண்டை வந்து இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், சிவப்பு உறை போட்ட பைலாத் தட்டு வெளியே வரும். அதற்குக் கால் ஆடாமல் கோபத்தைப் பிடித்துவைத்திருக்க எங்கள் வீட்டில் எவருக்கும் முடிந்ததில்லை. மாமா கடலால் வரப் பிந்தும் நாட்களுக்கென்று ஒரு தட்டு இருந்தது. அதில் பாட்டே கிடையாது, தவில் மட்டும்தான். "மனசு கதைக்கிறது கேக்கக்கூடாது, அதுக்குத்தான்" என்று மாமி ஒருமுறை சொன்னார். மாமா படலையைத் திறந்ததும் ஊசியைத் தூக்கிவிடுவார்.

கீரி என்ற எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே அப்போது ஒரு கிடுகு வேலி. அந்தப் பக்கம் ராத்தாவின் குடும்பம். அவர்கள் முஸ்லிம்கள், அக்காவை ராத்தா என்பார்கள். மாமியைவிடப் பதினைந்து இருபது வயது இளையவரானாலும் அவரை நாங்கள் எல்லோரும் ராத்தா என்றே கூப்பிட்டோம். நான் கலியாணமாகி வருமுன்பெல்லாம் தவக்காலம் பிறந்து நெற்றியில் சாம்பல் பூசியதும், மாமி பாட்டுப் பெட்டியையும் தட்டுகளையும் வேலிக்கு மேலால் ராத்தாவிடம் கொடுத்துவிடுவார். ஆசைப்பட்டதை விடுவதுதானே தவம். ஆனால் ராத்தா பின்னேரங்களில் அதைப் போடாமல் இருந்தால் மாமிக்குப் பொறுக்காது. வேலியோரமாகப் பாயைப் போட்டு முருங்கையிலை உருவிக்கொண்டிருப்பார். என் கணவர் கேலி செய்தால், "நான் போடேல்லை, காத்துக் கொண்டுவருது. காத்தை ஆர் மறிக்கிறது?" என்பார். ராத்தா வீட்டில் நோன்பு பிடிக்கும் மாதத்தில் எங்கள் வீட்டுப் பெட்டி வாய் திறக்காது. அது யாரும் சொல்லாமலே நடந்தது.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பார். என் கணவர் ஒரே பிள்ளை என்பதால் எனக்கு அது தலைகீழாக நடந்தது. விடத்தல்தீவில் ஐந்து சகோதரர்களோடு சத்தமாக வளர்ந்த நான், கலியாணம் முடிந்து கால்மாறி, மாப்பிள்ளை வீட்டுக்குக் குடிவரும் நாளில் ஒரு இசைத்தட்டோடு வரவேண்டும் என்று மாமி சொல்லியனுப்பினார். சீதனப் பேச்சில் அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான். எங்கள் வீட்டில் பாட்டுப் பெட்டி கிடையாது. அப்பாவுக்குக் கருவாட்டைப் பற்றி என்ன கேட்டாலும் தெரியும், பாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. தலைமன்னாரில் இராமேஸ்வரக் கப்பல் ஏறப்போன ஒருவரைப் பிடித்து, "கத்தோலிக்க வேதக்காரர் வீட்டுக் கலியாணம். அதுக்கேத்த நல்ல ரெக்கோட் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டார். வந்த தட்டின் உறையில் மாதாவின் படம் இருந்தது. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போட்டுப் பார்க்க எங்களிடம் என்ன இருந்தது? அம்மா அதைப் பட்டுத் துணியில் சுற்றிக் கூறைச் சேலையோடு வைத்தார்.

மாமி வீட்டு விறாந்தை நிறையச் சனம். பலகாரத் தட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. மாமி என் கையிலிருந்து தட்டை வாங்கி, உறையைப் பார்த்தார். ஒரு கணம் என்னையும் பார்த்தார். பிறகு தட்டை வைத்து ஊசியை இறக்கினார். முதலில் மரமணி தட்டும் ஒலி. அதன்பின் ஒரு பெண் குரல், செத்த மகனை மடியில் வைத்துக்கொண்டு அழுகிற தாயின் குரல், விறாந்தையைப் பிளந்துகொண்டு எழுந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் திருப்பாடுகளுக்குப் பாடும் ஒப்பாரி! என் கலியாண வீட்டில்!

பணியாரத்தைக் கடித்த வாய்கள் அப்படியே நின்றன. மூத்த பெண்கள் இருவர் பழக்கதோஷத்தில் சிலுவை அடையாளம் போட்டார்கள். சித்தப்பா முறையான ஒருவர், பாவம், முழங்காலிலேயே நின்றுவிட்டார். படலையடியில் நின்ற அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவு வரவில்லை. அபசகுனம் பிடித்தவள் என்ற பெயர் இனிச் சாகும்வரை என்னைவிட்டுப் போகாது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போகவும் வீடில்லை, இருக்கவும் வீடில்லை என்பது போல நடுவில் நின்றேன். ஓடிப்போய் ஊசியைத் தூக்க என் கணவர் எழும்பினார்.

"உதை நிப்பாட்டாதை" என்றார் மாமி. அந்தப் பக்கம் முழுவதும் ஓடவிட்டார். நடுவே ஒருமுறை குசினிப் பக்கம் போய்வந்தார், தேத்தண்ணீர் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் முழங்காலில் நின்றவரைப் பார்த்து, "எழும்புங்கோ, இண்டைக்குப் பெரிய வெள்ளி இல்லை" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு என் கையைப் பிடித்து எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "இந்த வீட்டிலை எல்லாத்துக்கும் ரெக்கோட் கிடக்கு. தவக்காலத்துக்குத்தான் ஒண்டும் இல்லை. பிள்ளை அறிஞ்செல்லோ கொண்டு வந்திருக்கு!" உடனே சிவப்பு உறைத் தட்டு ஏறியது. அப்பா பைலாவுக்கு ஆடியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கண்டேன். மாமியை அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று, என் தாயைப் போலவே பிடித்துப்போயிற்று.

அடுத்த தவக்காலத்தில் மற்றத் தட்டுகள் எல்லாம் வேலி தாண்டிப் போக, பாட்டுப் பெட்டியும் என் தட்டும் மட்டும் வீட்டில் நின்றன. ராத்தா முறைப்பட்டார். "பெட்டியில்லாம இந்தத் தட்டுகளை வச்சு நான் தோசையா சுட?" என்று கேட்டார். பெரிய வெள்ளிப் பின்னேரம் மெழுகுதிரி ஏற்றி, நான் பெருமையோடு ஊசியை இறக்கினேன். எங்கள் ஒழுங்கைப் பெண்கள், அந்தச் சின்னத் தெருவே, வந்து கூடினார்கள். "உன்ரை ரெக்கோட் வந்தபிறகுதான் பிள்ளை, எங்களுக்குப் பெரிய வெள்ளி" என்றார்கள். வேலிக்கு அப்பால் ராத்தா முணுமுணுப்பது கேட்டது. பாட்டு அடுத்த அடிக்குப் போகுமுன்னரே ராத்தா அந்த அடிக்குப் போயிருந்தார். என்ன கூர்மையான காது என்று வியந்தேன். அப்போது மாமிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

பிறகு யுத்தத்தில் ஊர் கலைந்த காலம் வந்தது. முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று கட்டளை வந்ததும், ராத்தாவின் ஆட்கள் ஒரே நாளில் ஆளுக்கொரு பையோடு எல்லாவற்றையும் விட்டு வள்ளமேறிப் புத்தளம் போனார்கள். நாங்களும் மடு மாதா கோயிலுக்கு ஓடித் திரும்பினோம். நாங்கள் இல்லாத நேரம் வீடு புகுந்து வானொலியைத் தூக்கிப் போனவர்கள் இசைத்தட்டுப் பெட்டியைத் தொடவில்லை, அவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லை. ஓலைவேலி விழுந்து மதிலாயிற்று. மாமி கண்மூடும் வரைக்கும் மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் எருக்கலைதான்.

மாமியின் முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு ராத்தா திரும்பி வந்தார். காணியைத் துப்புரவாக்க முன்பு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கதிரையில் இருந்து ஒருபாடு அழுதுவிட்டு, பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். கைகூப்பி நிற்கும் மாதா. மூலையில் மெழுகு.

"இது உங்கட வீட்டுச் சாமான் புள்ள. நீ கால்மாறி வந்த அண்டைக்கு, உன்ட தட்டுப் பாடிக்கிட்டு இருக்கக்குள்ள, அக்கா, உன்ட மாமி, குசினிப் பக்கத்தால ஓடிவந்து வேலிக்கு மேலால தந்தவ. 'நான் கேக்கும் மட்டும் தராத' எண்டு சொன்னவ. கடைசி மட்டும் கேக்கவே இல்ல."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் முகட்டைப் பார்த்தார். நான் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே, பெரிய வெள்ளியன்று மட்டும் பாட்டுப் பெட்டி வேலி தாண்டித் திரும்பி வர, அந்தத் தட்டு இதே விறாந்தையில் மெழுகுதிரியோடு பாடியிருக்கிறது. அவருக்குத் தெரியும். முழங்காலில் நின்றவருக்குத் தெரியும். என்னைப் புகழ்ந்த பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஒழுங்கையே கூடி, ஒருத்தி தலைகுனியக்கூடாது என்பதற்காக, இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. கிசுகிசுவுக்குப் பேர்போன எங்கள் ஒழுங்கை!

"ஒரு பைதானே எடுத்துக்கொண்டு போனீங்கள்," என்றேன். "அதுக்குள்ளை இதையுமோ?"

"அமானிதம் புள்ள. ஒருத்தர் நம்பித் தந்தத விட்டுட்டு வர ஏலுமா?" என்றார் ராத்தா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் அது முழுக்கப் பாடம்" என்று சிரித்தார்.

போன மாதம் என் மருமகள் கால்மாறி வந்தாள். எதைக் கொண்டுவருவது என்று கேட்டதற்கு நான் கடைசிவரை மறுமொழி சொல்லவில்லை. "உனக்குப் பிடிச்சதைக் கொண்டு வா" என்றேன். கொழும்பில் பழைய கடையெல்லாம் ஏறியிறங்கிப் பிடித்தாளாம். விறாந்தையில் அதே போலச் சனம். அவள் பையைத் திறந்தாள். சிவப்பு உறை வெளியே வந்தது. எங்கள் வீட்டுப் பைலாத் தட்டேதான். மகன் வாயைத் திறக்கப் போனான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இது இங்கை இருக்கோ, மாமி?" என்று கேட்டாள். தட்டைத் திரும்பப் பைக்குள் தள்ளப் பார்த்தாள். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும்.

"பொறு பிள்ளை, தேத்தண்ணி பார்த்திட்டு வாறன்" என்று எழும்பினேன். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்ததைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு குசினிக் கதவால் இறங்கினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ராத்தா கதிரை போட்டு இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். எழும்பி, என் கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, வாங்கிக்கொண்டார். "நீ கேக்கும் மட்டும் தரமாட்டன்" என்றார்.

திரும்பி வந்து மருமகளின் கையைப் பிடித்தேன். "இந்த வீட்டிலை எல்லாத்துக்கும் ரெக்கோட் கிடக்கு, பிள்ளை. சண்டை பிடிச்சாப் பிறகு போடத்தான் ஒண்டும் இல்லாமல் இவ்வளவு காலமும் கஷ்டப்பட்டனாங்கள்."

விறாந்தை முழுவதும் மெய்தான் என்று தலையாட்டியது. அவள் முகம் மலர்ந்து ஊசியை இறக்கினாள். முதல் அடி முடியவில்லை, மதிலுக்கு அப்பால் ராத்தா இரண்டாம் அடியைப் பாடத் தொடங்கிவிட்டார். எனக்குத் திடீரென்று இருமல் வந்தது.