ஏழாவது பத்தி

சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளில் லாரிகளை எடைபோடும் மேடைகளுக்கு எங்கள் கம்பெனிதான் மென்பொருள் போட்டுத் தருகிறது. ஆபீஸ் திருவொற்றியூரில். ஒப்பந்தம் எழுதுவது என் வேலை. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருடம் ஓட்டினேன்.

துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் பெரிய நிறுவனம் ஒன்று தன் எடைமேடைக்கு மென்பொருள் கேட்டு எங்களிடம் வந்தது. தீங்கான மென்பொருள் எதையும் வைக்க மாட்டோம் என்று எழுதித் தர வேண்டும், எது தீங்கு என்ற விளக்கத்தோடு. எனக்கு வைரஸுக்கு மேல் எதுவும் தெரியாது. மேடைகளில் மென்பொருள் போடும் அண்ணனைக் கேட்டேன். மாத்தூர்க்காரர், எனக்கு முன்பிருந்தே இங்கே இருப்பவர்.

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "வைரஸ் எய்திக்கோ. சிஸ்டத்த லாக் பண்றத எய்திக்கோ. அப்பால, ஓனருக்குத் தெரியாம வெளிய இருந்து உள்ள பூர்றதுக்கு வழி வெச்சா, அதான்மா பெரிய கலீஜ்."

அதையே சட்ட மொழியில் ஏழாவது பத்தியாக்கினேன். அப்படி வைத்தவரை உடனே வேலையிலிருந்து நீக்குவோம் என்று, அவர்கள் கேட்காத ஒரு வரியையும் கடைசியில் சேர்த்தேன். கெத்தாக இருக்குமே என்றுதான்.

மேடை ஓடத் தொடங்கியதும் அவர்களுடைய ஆள் வந்து கணினியைச் சோதித்தார். வெளியிலிருந்து உள்ளே வரும் வழி ஒன்று இருந்தது. அண்ணன் வைத்ததுதான். எல்லா மேடையிலும் வைப்பார். எடை நின்றுபோனால் லாரிகள் ரோடு வரை தேங்கிவிடும். அவர் வீட்டில் இருந்தபடியே உள்ளே போய்ச் சரிசெய்வார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். சர்வீஸ் என்றுதான் சொல்வோம். இது அந்தப் பத்தியில் வரும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஏழாவது பத்தியை என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நான் சொன்னதுதானம்மா இது?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணா."

"கடசி வரி நான் சொல்லலியே."

"அது நான் சேத்தது."

"செரி." சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

நேற்று ஒரு பழைய கடைக்காரர் போன் செய்தார். "மேடை நின்னுபோச்சு, லாரிங்கோ நின்னுகினு கீது. அவர வூட்லருந்தே பாக்கச் சொல்லும்மா."

ஆள் அனுப்புவதாகச் சொல்லி போனை வைத்தேன். எதிரே திரையில் அடுத்த ஒப்பந்தம் இருந்தது. முதலாளிக்கு ஏழாவது பத்தி பிடித்துவிட்டது, எல்லாவற்றிலும் போடச் சொல்லியிருக்கிறார். கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டால் ஏன் என்று கேட்பார். எடுக்கவில்லை.