ராபியா வைத்த மருதாணி

மாப்பிள்ளை வீட்டு வலிமா விருந்து முடிந்த மறுநாள் மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. மகளும் மருமகனும்தான் வந்துவிட்டார்கள் என்று ராபியா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். மருமகன் உவைஸ் வரவில்லை. முதலில் இறங்கியவள் சம்பந்தியம்மாள் சபுரா. பின்னால் ஹசீனா. புதுப்பெண்ணின் இரண்டு கைகளும் ஒரு வெள்ளைத் துண்டுக்குள் சுருட்டப்பட்டிருந்தன.

சபுரா துண்டை விலக்கினாள். நிக்காஹுக்கு முந்தின இரவு தன் கையாலேயே மகளுக்கு அவள் வரைந்த பூவும் கொடியும் மயிலும் நீர் கோத்துக் கொப்புளங்களாக எழும்பி நின்றன. விரல்கள் வீங்கி, மோதிரத்தைக்கூட அறுத்துத்தான் எடுத்திருந்தார்கள்.

“மயிலு வரைஞ்சீக, தோகைய விரிச்சிருச்சு பாருங்க. என்ன வியாதி சம்மந்தி இது? பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க இங்குட்டு எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டோம்ல?”

“வியாதியா? எம்புள்ளைக்கு ஒரு சேத்துப்புண்ணு வந்ததில்ல சம்மந்தி!”

“அப்ப உங்க மருதாணில கோளாறா?”

ராபியா வாய் திறக்குமுன் சபுராவே பதிலும் சொல்லிவிட்டாள். “அதுவும் இல்ல. அதே கோன்லதான எம்மகளுக்கும் வெச்சீக? கருகருன்னு பிடிச்சு அழகா இருக்கு. ஒரு அரிப்பு உண்டா? வெச்சு ரெண்டு நாளா ஒண்ணுமில்லாம இருந்துட்டு இப்ப வருதுன்னா, உள்ள கிடந்த நோய மருதாணி வெளிய இழுத்திருச்சு. அம்புட்டுத்தான்.”

ராபியா பேசாமல் நின்றாள். அந்த மௌனம் தன்னை எங்கே கொண்டுபோய்த் தள்ளும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் ‘மருதாணிக்கார ராபியா’ என்றால் சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டும். புருஷன் மௌத்தானபோது ஹசீனா பால்குடி மறக்காத பிள்ளை. அன்றிலிருந்து இந்தக் கோன்தான் சோறு போட்டது. பெருநாள் ராத்திரிகளில் அவள் வீட்டுக்குள் கால் வைக்க இடமிருக்காது. செட்டிநாட்டு ஆச்சி வீட்டுக் கல்யாணங்களுக்கும் காரனுப்பிக் கூப்பிடுவார்கள். ஆனால் காலம் மாறிவிட்டது. ராத்திரி முழுக்கக் கையை மடக்கிக்கொண்டு தூங்கி, காலையில் ஆரஞ்சு நிறத்தில் விடிகிற பொறுமை இந்தக் காலத்துப் பெண்களுக்கு இல்லை. ஒரு மணி நேரத்தில் கறுக்க வேண்டும், போட்டோவில் விழ வேண்டும். மருதாணி எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு பிரியமாக மாமியார் வைத்துக்கொள்வாள் என்று வேறு ஒரு நம்பிக்கை. அதனால் ராபியா இலை மாவில் நரைமுடிக்குப் போடுகிற கறுப்புச் சாயப் பொடியைக் கலக்க ஆரம்பித்தாள். யாரிடமும் சொன்னதில்லை. அவளைப்போல இந்தத் தொழில் செய்யும் வேறு பெண்களும் கலக்கத்தான் செய்தார்கள்.

ஹசீனாவின் கையோ இயல்பிலேயே மருதாணி பிடிக்காத கை. பிறந்த வீட்டில் சீராட்டு இல்லாத பெண் என்று மாப்பிள்ளை வீட்டுச் சிங்கம்புணரிக்காரர்கள் நினைத்துவிடக் கூடாதே! மகளுக்கென்று கரைத்த கோனில் தாய் இன்னொரு கரண்டி பொடியை அள்ளிப் போட்டாள். மிஞ்சியதைத்தான் சபுராவின் மகள் கையிலும் வைத்துவிட்டாள்.

தோல் டாக்டர் தேவிகா கைகளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

“மருதாணியில ஏதாவது கலந்தீங்களாம்மா?”

பக்கத்தில் சபுரா உட்கார்ந்திருந்தாள். ராபியாவின் நாக்கு அவளைக் கேட்காமலே புரண்டது.

“வெறும் இலைதான் டாக்டர்.”

டாக்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். “வெறும் இலையில இப்படி வர்றது ரொம்ப அபூர்வம். அப்ப வேற காரணம்தான் தேடணும்” என்று மாத்திரையும் களிம்பும் எழுதினார். ‘வேற காரணம்’ என்ற சொல் அன்று சாயங்காலமே சிங்கம்புணரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. குஷ்டம் என்றாள் ஒருத்தி. பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்றாள் இன்னொருத்தி. உவைஸ் லீவு முடிந்து ஷார்ஜாவுக்கு விமானம் ஏறினான். “எங்க உம்மா சொல்றதக் கேளு” என்பதற்கு மேல் போனில் அவனுக்கு வார்த்தை வரவில்லை.

தாய் வீட்டிலேயே விடப்பட்ட ஹசீனா அறையை விட்டு வெளியே வருவதில்லை. தன் தட்டைத் தனியாக வைத்துக்கொண்டாள். தண்ணீர்ச் செம்பைத் தொடுவதற்குக்கூடத் துணி சுற்றிக்கொண்டாள்.

“என்னடி இது கூத்து?”

“உங்களுக்கும் ஒட்டிக்கிரும்மா. எனக்கு என்ன வியாதின்னு டாக்டருக்கே தெரியல.”

அந்த ஒரு சொல்லில் ராபியா உடைந்தாள். அதே வாரத்தில் உவைஸின் தகப்பனார் மீரான் சாகிபும் ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தார்: ஜமாத்தில் பேசி, கௌரவமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று.

சாயப்பொடி டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ராபியா தனியாகக் கிளினிக்குக்குப் போனாள். மேசைமேல் வைத்தாள். தலை நிமிரவில்லை.

“இதான் கலந்தேன் டாக்டர். ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் போடலம்மா. புதுப் பொடி வாங்குனா, ஊரான் வீட்டுப் புள்ளைகளுக்கு ஏதும் ஆயிரக் கூடாதுன்னு மொதல்ல எம்மக மணிக்கட்டுலதான் ஒரு பொட்டு வெச்சுப் பாப்பேன். ஒரு தடவகூட ஒண்ணும் ஆனதில்ல. அந்தத் தைரியத்துலதான் போட்டேன்.”

டாக்டர் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ராபியாவைத்தான் பார்த்தார்.

“இறால் சாப்பிட்ட உடனே சிலருக்குத் தடிக்குதே, இது அந்த மாதிரி அலர்ஜி இல்லம்மா. ரத்தத்துல டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு. அது பண்ற வேலை. நீங்க பொட்டு வெச்சப்ப, தோல்ல காவல் இருக்கிற செல் அந்த ரசாயனத்தைக் கொண்டுபோய் டி செல்கிட்ட காட்டிக்கொடுத்திருக்கு. அது எதிரின்னு அடையாளம் வெச்சுக்கிச்சு. அப்ப வெளியில ஒண்ணுமே தெரியாது. அப்புறம் கை நிறைய அதே பொருள் வந்ததும், டி செல் பெருகி, துணைக்கு ஆள் சேர்த்துக்கிட்டு அந்த இடத்துக்கு வந்து இறங்கும். அதுக்குத்தான் ரெண்டு நாள் ஆகுது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. உங்க பொண்ணுக்கு ஆயிருக்கலாம்.”

“அப்ப... நான் வெச்சுப் பாத்த பொட்டுதான்...”

ஊர்ப்பிள்ளைகளைக் காப்பாற்ற, பெற்ற பிள்ளையின் உடம்புக்குள் பகையை விதைத்தவள் அவளேதான்!

மாத்திரை நிறுத்தி, கை ஆறிய பிறகு, ஹசீனாவின் முதுகில் மருந்து தடவிய பிளாஸ்திரிகளை ஒட்டினார்கள். ஒன்றில் அந்தச் சாயத்தின் ரசாயனம். அந்த இடம் சிவந்து தடித்தால் காரணம் சாயம். சும்மா இருந்தால், வேறு நோயைத் தேட வேண்டும். இரண்டு நாள் நனையக் கூடாது; அதன் பிறகும் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

அந்த நாட்களில் ராபியா தொழுகைப் பாயை மடிக்கவே இல்லை. “யா அல்லாஹ், எம்மேல பழியப் போடு. எம்புள்ளைக்கு நோயில்லன்னு ஆக்கு. என் கைதான் குத்தவாளின்னு காட்டிக்குடு” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். எந்தத் தாயும் கேட்காத துஆ அது. தான் தோற்றால்தான் மகள் பிழைப்பாள்.

முடிவு பார்க்கும் நாளில் மீரான் சாகிபும் சபுராவும் வந்திருந்தார்கள். ராபியாதான் கூப்பிட்டிருந்தாள். மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, சாயம் ஒட்டிய அந்த ஒரு இடம் மட்டும் காசளவு சிவந்து, சிறு சிறு கொப்புளங்களோடு தடித்திருந்தது.

“ஒட்டுவாரொட்டி இல்ல, பிள்ளைக்கும் வராது. இனி ஆயுசுக்கும் முடிச்சாயமோ கறுப்பு மருதாணியோ மட்டும் இந்தப் பொண்ணு மேல படக் கூடாது. அந்த செல்லுங்க மறக்காது” என்றார் டாக்டர்.

ராபியா தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சபுராதான் பேசினாள்.

“நீங்க மொத நாளே சொல்லியிருந்தா நானும் கண்டபடி பேசியிருக்க மாட்டேன். பொண்ணை வெள்ளிக்கிழமை வந்து அழைச்சிட்டுப் போறோம். ஆனா எம்மக கையிலயும் அதத்தான வெச்சு விட்டீக? நீங்க எங்க வீட்டுக்கு வர வேணாம்.”

செய்தி ஊருக்குள் பரவ நாளாகவில்லை. கூப்பிட்டிருந்த கல்யாண வீட்டார் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். டப்பாவைக் குப்பையில் போட்ட கையோடு, மிச்சமிருந்த இலை மாவையும் ராபியா கொட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஹசீனா புறப்பட்டாள். கொப்புளம் ஆறிய இடமெல்லாம் நிறம் வெளுத்து, அந்தக் கொடியும் பூவும் வெள்ளைக் கோடுகளாக அவள் புறங்கையில் படிந்து கிடந்தன. ராபியா அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். ஹசீனா புர்காவின் கைப்பகுதியை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பொட்டு வெச்சதுக்கு எனக்குக் கோவம் இல்லம்மா. உங்களுக்குத் தெரியாது. ஆனா டாக்டர் கேட்டப்ப தெரியும்ல? என்னை நானே தீண்டாம கிடந்தேனே, அம்புட்டு நாளும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?”

“உவைஸ் கேட்டா, எல்லாம் நான் செஞ்சதுன்னு சொல்லிரு” என்றாள் ராபியா.

“சொல்லிட்டேன்” என்றாள் மகள்.

கார் புறப்பட்டது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஹசீனா திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே ராபியா தெரு வெறிச்சோடும்வரை நின்றாள்.