காறை எலும்புக்கு ஹெல்மெட் இல்லை

நெதர்லாந்தில் பல வருடமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். கொட்டும் மழையிலும் போயிருக்கிறேன், ஒருவரும் வழிமறித்ததில்லை. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்த மறுநாள் காலை, மாடம்பாக்கத்தில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் கேட்டிலேயே மறிக்கப்பட்டேன். அக்காவின் சைக்கிளில் பால் வாங்கக் கிளம்பியிருந்தேன். "ஹெல்மெட் இல்லாம சைக்கிள வெளிய வுடக்கூடாது சார். அசோசியேசன் ரூலு" என்றார் வாட்ச்மேன் முருகேசன். விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க எதுலண்ணா வர்றீங்க?" என்று கேட்டேன். "சைக்கிள்லதான். பம்மல்லேர்ந்து மிதிச்சிகினு வரேன்." "ஹெல்மெட்?" "அது உள்ள கீறவங்களுக்கு சார். என்னை யாரு கேக்கப்போறாங்க?" அதற்குள் ஒரு கார் வந்தது. ஓட்டியவர் பெல்ட் போடவில்லை, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியிருந்தார். முருகேசன் சல்யூட் வைத்துக் கேட்டைத் திறந்துவிட்டார். நான் பால் வாங்க நடந்து போனேன்.

அந்த விதி என் அக்காவின் பெயரால் வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பியூலா அக்கா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்கூட்டரை விற்றுவிட்டுச் சைக்கிளுக்கு மாறியவள். மழைக்காலத்தில் ஒரு மாலை வீடு திரும்பும்போது, கேட்டைத் தாண்டி இருக்கும் திருப்பத்தில் முன்சக்கரம் தண்ணீருக்குள் இறங்கியது. தண்ணீருக்கு அடியில் முழங்கால் ஆழப் பள்ளம். அக்காவுக்குக் காறை எலும்பு முறிந்தது, முன்பல் ஒன்று போனது. பள்ளம் தானாக விழுந்ததல்ல. அடுக்குமாடியின் கழிவுநீர்க் குழாயைத் தெருக்குழாயோடு சேர்க்க, அசோசியேஷன் அமர்த்திய ஆட்கள் தோண்டிவிட்டு மூடாமல் போனது. பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லையாம். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து உட்கார்ந்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?" இல்லை என்றதும் அந்த முகங்களில் ஒரு நிம்மதி தெரிந்ததாம். தப்பு யாருடையது என்று முடிவாகிவிட்டதல்லவா, இனி நிம்மதியாகக் காபி குடிக்கலாம். தலைக்கவசம் எந்த ஊரில் பல்லை மூடுகிறது என்று அவர்களில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

விதியை எழுதியவர் செயலாளர் ரகுராமன். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போய், எங்கோ இறக்கி மிதித்து, மறுபடி காரில் கட்டிக்கொண்டு திரும்புகிற வீரர். அவர் விதிக்கு ஜனங்கள் எப்படிக் கீழ்ப்படிந்தார்கள் என்பதை அக்காவின் பால்கனியிலிருந்து தினமும் பார்த்தேன். கேட்டில் தலையில் மாட்டுவார்கள். திருப்பத்தில் கழற்றி ஹாண்டில்பாரில் தொங்கவிடுவார்கள். பிறகு பள்ளத்தைச் சுற்றி வளைத்து ஓட்டிப் போவார்கள். பெயருக்கு ஒரு சிவப்பு ரிப்பன்கூட அங்கே இல்லை.

நெதர்லாந்தில் நான் இருக்கும் ஊர்க்காரர்களைப் பெரிய ஞானிகள் என்று சொல்ல வரவில்லை. அக்கா விழுந்ததையும் எல்லோரும் ஹெல்மெட்டைப் பற்றியே கேட்டதையும் அலுவலகத்தில் சொன்னபோது, பக்கத்து மேசை மார்ட்டன், "ஹெல்மெட்டா? உன் அக்கா பந்தயத்தில் ஓட்டுகிறாளா?" என்று கேட்டான். அங்கே பந்தயக்காரர்கள்தான் அதை மாட்டுவார்கள். அவள் டீச்சர், பள்ளிக்குப் போகிறாள் என்றேன். "எங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை" என்று தோளைக் குலுக்கினான். ஏதோ அவனுடைய மண்டையோடு தனி உலோகத்தில் செய்தது போல. அவன் தெருவில் குழாய்க்காக ஒரு சாண் தோண்டினாலும் தடுப்பு வைத்து, விளக்கு எரியவிட்டு, சைக்கிளுக்கு மாற்றுவழி அம்புக்குறி நடுகிறார்கள். அவன் தைரியமெல்லாம் சாலை கொடுத்தது. அது அவனுக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு மாலை அசோசியேஷன் கூட்டம். அக்காவுக்கு ஒரு ஹெல்மெட் பரிசளித்து, படம் எடுத்து, குரூப்பில் போடுவதாகத் திட்டம். நானும் போனேன். ரகுராமன் ஹெல்மெட்டை நீட்டி, "மேடம், கேமராவப் பாத்து ஒரு ஸ்மைல்" என்றார். அக்கா வாயை மூடியபடியே இருந்தாள். பல் இன்னும் கட்டியிருக்கவில்லை. பிறகு கேட்டாள்: "பள்ளத்த எப்ப சார் மூடப்போறீங்க?"

"அது கான்ட்ராக்டர் இஷ்யூ மேடம். ஃபாலோ அப் பண்ணிட்டுதான் இருக்கோம். நம்ம சேஃப்டி நம்ம கையில இல்லையா?"

"நான் ஹெல்மெட் போடறதும் போடாததும் என் இஷ்டம் சார். பள்ளம் உங்க வேலை. ரெண்டையும் குழப்பாதீங்க."

யாரோ இருமினார்கள். இன்னொருவர், "டீச்சர், நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றார். அக்கா ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். படத்துக்கு நிற்காமல் வெளியே நடந்தாள். முருகேசனிடம் ஒரு சவுக்குக் கம்பு வாங்கி, அதைப் பள்ளத்தில் ஊன்றி, உச்சியில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இதுக்குத்தான் வேணும்" என்றாள். அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் நின்று படம் எடுத்தார்கள். படம் எந்தெந்தக் குரூப்புக்கெல்லாம் போனதோ, செவ்வாய்க்கிழமை லாரியில் மண் வந்தது. இத்தனை வாரம் வராத மண் ஒரு படத்துக்காக வந்தது. யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. மூடியதையும் ரகுராமன் படமெடுத்துப் போட்டார்.

நான் கிளம்புவதற்கு முன் அக்கா மறுபடி பள்ளிக்குச் சைக்கிள் எடுத்தாள். கூடையில் ஒரு புது ஹெல்மெட். எனக்குச் சுருக்கென்றது. "இவ்ளோ சண்ட போட்டுட்டு நீயே வாங்கிட்டியா?" என்றேன்.

"பயமா இருக்குடா. எனக்குப் பயம்னா நான் போடுவேன். அவங்க சொன்னதுக்காகப் போடமாட்டேன்."

கேட்டில் வெறுந்தலையோடு நின்றாள். முருகேசன் அவளையும் கூடையையும் பார்த்தார். "டீச்சர், கேமரா கீது..." "இருக்கட்டும்ணா. கேட்டா என் பேரச் சொல்லுங்க." அவர் கேட்டைத் திறந்தார். திருப்பம் தாண்டியதும் அக்கா ஒரு காலை ஊன்றி நின்று, ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். அவள் பின்னாலேயே கேட்டைத் தாண்டி வந்த ஒருவர் அதே இடத்தில் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது திரும்பி வந்துவிட்டேன். இங்கே ஆயிரம் வெறுந்தலைகளுக்கு நடுவே என்னுடையதும் ஒன்று. மதிய இடைவேளையில் நான் சைக்கிளை எடுக்கும்போது, தாம்பரத்தில் பள்ளி விட்டு அக்கா வீடு திரும்பிக்கொண்டிருப்பாள். போனில் இரண்டு ஊர் வானிலையும் வைத்திருக்கிறேன். அங்கே மழை என்று காட்டும் நாட்களில், இங்கே வெயிலில் காய்ந்து கிடக்கும் வழவழப்பான சிவப்புச் சைக்கிள் பாதையில், எதுவுமே இல்லாத இடத்தில் பிரேக் பிடிக்கிறேன். பின்னால் வருகிறவர்கள் மணியடித்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.