மாவிலை மூடிய பாத்திகள்

கெலமங்கலம் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட கால் ஏக்கர் பாலிஹவுஸைக் குத்தகைக்கு எடுத்து லெட்டூஸ் கீரை போட்டபோது, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு பேச்சு இருந்தது. முதல் போகம் தேறாவிட்டால், நான் விட்டுவந்த ஓசூர் கம்பெனி வேலைக்கே திரும்பிவிட வேண்டும். எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று ஒயர் சொருகும் வேலை. ஒரு நிமிடம் சும்மா நிற்கத் தெரியாத எனக்கு அது ஜெயில்.

நட்டு இருபது நாளாகியும் செடி நட்ட அன்று இருந்த மாதிரியே நின்றது. இலை வெளிறிக் கிடந்தது. உரம் போட்டேன். தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். பொறுக்காமல் செடியைப் பிடுங்கிப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். அதிலேயே சில செத்திருக்கும். ஓரத்தில் ஒரே ஒரு பாத்தி மட்டும் தளதளவென்று இருந்தது. மற்ற பாத்திகளை மூடியிருந்த மாவிலைச் சருகு அதற்கு மட்டும் எட்டவில்லை.

சருகு போட்டவர் என் மாமனார். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். மாடுகூட முகராத கீரை என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், திடீரென்று மொபெட்டில் மூட்டை மூட்டையாகச் சருகு கொண்டுவந்து பாத்திகளை மூடிவிட்டுப் போனார்.

விதைக்கடைக்காரரைக் கேட்டேன். மாவிலை ஊறினால் அதன் அமிலங்கள் மண்ணில் இறங்கும், இளம் வேரை ஓடவிடாது, இலையில் பச்சையம் குறையும், அப்புறம் எவ்வளவு வெயில் அடித்தாலும் செடியால் தனக்கான சாப்பாட்டைச் செய்துகொள்ள முடியாது என்றார். நான் நம்பவில்லை. இரண்டு தட்டில் விதை தூவி, ஒன்றுக்கு வெறும் தண்ணீரும் மற்றதற்குச் சருகு ஊறிய தண்ணீரும் தெளித்தேன். ஐந்தாம் நாள் முதல் தட்டு பச்சைப்பசேல். மற்றதில் அங்கொன்றும் இங்கொன்றும்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆயுசு முழுக்க மாமரத்தோடு கிடப்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்? மருமகள் தோற்றுக் கம்பெனிக்கே போகட்டும் என்றுதான் போட்டாரா? மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே சோறு வடித்தேன், துணி துவைத்தேன். அடுத்த மூட்டையோடு அவர் வந்ததும், இறக்கக்கூட விடவில்லை. மாவிலை பக்கத்தில் எதையும் வளரவிடாது என்று தெரியுமா என்று நேராகவே கேட்டேன்.

"தெரியும்" என்றார்.

"மாமரத்தடியில புல்லு மொளைக்காதும்மா. நீ இடுப்பப் புடிச்சிக்கிட்டு களை புடுங்கறதப் பாத்தேன். களை வராதேன்னுதான் போட்டேன்."

இரண்டு தட்டுகளையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு முதல் பாத்தியில் குந்தி, இரண்டு கையாலும் சருகை அள்ள ஆரம்பித்தார். நான் பக்கத்துப் பாத்தியில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

அந்தப் போகம் தேறவில்லை. பேச்சுப்படி என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் குறுக்கே வந்தார்.

"அவ போகம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா. போனது நான் கெடுத்தது."