கண் குழி விழுமென்று நான் பிடுங்கிய கண்ணாடி

யுத்தம் முடிகிற காலம். பெண் பார்க்க வந்தவர்கள், "கண்ணாடி போட்டுப் போட்டுப் பிள்ளைட கண் குழி விழுந்திட்டு" என்று சொல்லிப் போனார்கள். அதை நம்பி மகளின் கண்ணாடியை நானே பிடுங்கி வைத்தேன்.

மறுநாள் வாவிக்கரைச் சோதனைச்சாவடியில் சிப்பாய் நிற்கச் சொல்லிக் கை காட்டினான். முன்னே நடந்த மகளுக்கு அது தெரியவில்லை. துவக்கை நீட்டினான். அருகில் வந்த காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி ஒருவர்தான் பாய்ந்து அவளை இழுத்தார்.

"கண் தெரியாதா புள்ள?"

"கண்ணாடியை அம்மா கழட்டிட்டா."

"உங்களுக்கு மூளை இரிக்கா அக்கா?" என்று என்னிடம் சீறினார்.

பிறகு கண் டாக்டர் சொன்னார்: "கண்ணாடியால குழி விழாதம்மா. முழி நீளமா வளர்ந்ததாலதான் தூரம் தெரியல்ல. கண்ணாடிக்குள்ளால பாத்தா கண் சின்னனாத் தெரியும், அவ்வளவுதான்."

எங்கள் கோயில் மாமாங்கேஸ்வரர்தான் அந்த வியாபாரியை அனுப்பினார். பெண் பார்க்க வந்தவர்கள் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. என் மேல் உள்ளது ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.